ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றவர்

நாற்காலி போட்டதற்கு நன்றி சார். நான் நின்றுகொண்டே பேசுகிறேன். உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை சரியாக வராது. என் கூடப் படித்தவர்கள் எல்லாம் இப்போது ஒரு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறார்கள். எனக்கு முழங்கால் வலி, இடுப்பு வலி ஒன்றும் கிடையாது. காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்கச் சொன்னாலும் நிற்பேன். என் தொழிலே அதுதான்.

சினிமாவில் அப்படி ஒரு வேலை இருப்பது வெளியில் நிறைய பேருக்குத் தெரியாது. ஷாட் எடுப்பதற்கு முன்னால் லைட் வைக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் ஹீரோவை வெயிலில் நிறுத்த முடியாது. அதனால் அவர் உயரத்தில், கிட்டத்தட்ட அவர் நிறத்தில் ஒரு ஆளை அவர் இடத்தில் நிற்க வைத்து லைட்டைச் சரி செய்வார்கள். எல்லாம் முடிந்ததும் கேமராமேன் "போதும், போங்க" என்பார். அந்த ஆள் போய்விடுவார், ஹீரோ வந்து நிற்பார். அந்த ஆள்தான் நான். எத்தனையோ படங்களுக்கு நின்றிருக்கிறேன். ஒரே ஒரு படத்தைத் தவிர எதிலும் நான் இல்லை. அதில் எனக்கு வருத்தம் இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். பேய்ப்படம் எதனால் பயமாக இருக்கிறது என்பதைச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திடுக்கிடுவது வேறு, பயம் வேறு சார். இதை நிறைய பேர் குழப்பிக்கொள்கிறார்கள். கதவு படாரென்று சாத்தினால் திடுக்கிடுவோம். குக்கர் விசில் அடித்தாலும்தான் திடுக்கிடுகிறோம். அதற்காகக் குக்கரை நினைத்து யாராவது போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொள்கிறார்களா. பழைய பேய்ப்படங்கள் எல்லாம் குக்கர் விசில்தான். அதுவும் இடைவேளைக்கு அப்புறம் அந்தப் பேய்க்கு நடந்த அநியாயத்தை ஒரு கதையாகக் காட்டுவார்கள். பார்த்ததும் நமக்குப் பாவமாகிவிடும். கடைசியில் பேய்தான் ஜெயிக்க வேண்டும் என்று கைதட்டுவோம். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குவோம்.

இப்போது வருகிற நல்ல படங்கள் அப்படி இல்லை. பட்டப்பகல். ஒரு சமையலறை. ஒரு பெண் பாத்திரம் கழுவுகிறாள். அவளுக்குப் பின்னால், கேமரா சரியாகப் பார்க்காத இடத்தில், ஃப்ரிட்ஜ் பக்கத்தில் கட்டம் போட்ட சட்டையோடு ஒருத்தர் நிற்கிறார். மியூசிக் கிடையாது. அவர் ஒன்றும் செய்யமாட்டார். அவள் திரும்பிப் பார்க்கமாட்டாள். பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவாள். அவர் ஏன் நின்றார் என்று படம் முடிகிற வரைக்கும் யாரும் சொல்லமாட்டார்கள். நீங்கள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதுதான் படம் ஆரம்பிக்கும்.

அந்த ஷாட்டில் நிற்பது நான். அது ஒரு தவறினால் வந்தது.

அன்று பேய் நடிகை நிற்க வேண்டிய இடத்தில் லைட்டுக்காக நான் நின்றேன். அந்தப் பெண்ணுக்கு விடியற்காலையிலிருந்து மேக்கப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கண்ணில் வைக்கிற வெள்ளை வில்லை உள்ளே போகவில்லை என்று தாமதம். டைரக்டர் சும்மா இருக்க வேண்டாமென்று ஹீரோயினைப் பாத்திரம் கழுவச் சொல்லி ஒத்திகை மாதிரி எடுத்துப் பார்த்தார். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. சொல்லாமல் நான் போவதில்லை. கேமரா ஓடியதும் எனக்குத் தெரியாது. அந்த ஒத்திகையில் ஹீரோயின் நன்றாகச் செய்துவிட்டார் என்று எடிட்டர் அதையே படத்தில் வைத்துவிட்டார். பின்னால் நின்ற என்னை அவரும் கவனிக்கவில்லை.

வெளியிடுவதற்கு முன்னால் கொஞ்சம் பேரைக் கூப்பிட்டுப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் ஒரு அம்மா கையைத் தூக்கினார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அந்தக் கட்டம் போட்ட சட்டைக்காரர் யாரு?"

"எந்தச் சட்டைக்காரர்?" என்றார் டைரக்டர்.

"கிச்சன்ல நிக்கறாரே. நீங்க யாருமே பாக்கலையா?"

திரும்பப் போட்டார்கள். முன்வரிசையில் ஒருத்தர் செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து வெளியே போனார். மறுநாள் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, அன்னிக்கு அங்க நின்னப்ப மனசுல என்ன நினைச்சீங்க?"

"டீ இன்னும் வரலையேன்னு நினைச்சேன் சார்."

"அதையே நினைங்க. தயவுசெஞ்சு வேற எதையும் நினைச்சிராதீங்க" என்றார்.

அப்புறம் பேயைத் தூக்கிவிட்டு, படம் முழுக்க அங்கங்கே என்னை நிற்க வைத்து எடுத்தார்கள். மாடிப்படிக்குக் கீழே, துணி காய்கிற கொடிக்குப் பின்னால், குளியலறைக் கண்ணாடியில் ஓரமாக. எல்லா இடத்திலும் நான் டீயைத்தான் நினைத்தேன். பேய் நடிகை என்னிடம் வந்து, "நீங்க எத்தனை மணிக்கு வந்து மேக்கப் போட்டுக்கறீங்க?" என்று கேட்டார். போடுவதில்லை அம்மா என்றேன். அந்தப் பெண் போய்க் காரில் உட்கார்ந்து அழுதது.

படம் நன்றாக ஓடியது. எங்கள் குடியிருப்பில் நான் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் படியில் போக ஆரம்பித்தார்கள். என் மனைவி, "வீட்டுக்கு வந்தா ஒண்ணு உக்காருங்க, இல்லாட்டிப் படுங்க. அடுப்படிப் பக்கம் மட்டும் வந்து நிக்காதீங்க, கையிலருந்து கரண்டி விழுது" என்றாள். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. இரண்டாம் பாகம் எடுக்கிறோம், அதிலும் நீங்கள்தான் என்று டைரக்டர் சொன்னார்.

அப்போதுதான் கொட்டாவியின் விமர்சனம் வந்தது.

அவரை உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பார்கள். பேய்ப்படங்களுக்கு மட்டும் விமர்சனம் சொல்கிறவர். போனை எதிரில் வைத்துக்கொண்டு, படத்தில் எந்த இடத்தில் எல்லாரும் கத்தினார்களோ அந்த இடத்தைச் சொல்லிவிட்டு ஒரு கொட்டாவி விடுவார். நட்சத்திரம் எல்லாம் தரமாட்டார். இந்தப் படத்துக்கு மூன்று கொட்டாவி, அந்தப் படத்துக்கு நாலு கொட்டாவி என்பார். அதனால் அந்தப் பெயர். தங்கமான மனுஷர், கெட்ட வார்த்தை பேசமாட்டார்.

என் ஷாட்டைப் பற்றிச் சொல்லும்போது உள்நாக்குத் தெரிகிற மாதிரி ஒரு கொட்டாவி விட்டார். விட்டுவிட்டு, "யாருங்க இவரு? கேஸ் சிலிண்டர் போட வந்தவரு மாதிரி நிக்கறாரு. யாராவது ஒரு கையெழுத்தப் போட்டு அனுப்பி வைங்கப்பா. பாவம், கால் வலிக்கப் போகுது" என்றார்.

அந்த வாரக் கடைசியில் என் மனைவியைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் கேட்டிருந்தாள், திரையில் என்னைப் பார்த்ததே இல்லை அவள். நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். நான் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் தெரிந்ததும் பின்னாலிருந்து ஒருத்தன், "சிலிண்டர் வந்துருச்சு" என்றான். தியேட்டரே சிரித்தது. அதற்கப்புறம் நான் வந்த இடமெல்லாம் "கையெழுத்துப் போடுங்கப்பா" என்று குரல் வந்தது. என் மனைவி மடியில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இடைவேளையோட போயிரலாமா? எனக்கும் தலைவலிக்குது" என்றாள். அவளுக்குத் தலைவலி வருவதே கிடையாது.

டைரக்டரும் மாறிவிட்டார். "சிரிச்சிட்டாங்கன்னா அவ்வளவுதாண்ணே. அடுத்ததுல கம்ப்யூட்டர்ல ஒண்ணு பண்றோம், எட்டு கை" என்றார். நான் போகாமல் அங்கேயே நின்றேன். அவருக்குச் சங்கடமாகிவிட்டது. "சரி, அந்தக் கொட்டாவி அவர் வாயால ஒரு தடவை பயந்துட்டேன்னு சொல்லட்டும். ரெண்டாம் பாகம், மூணாம் பாகம் எல்லாம் நீங்கதான்" என்றார். விளையாட்டாகச் சொன்னேன் என்று இப்போது உங்களிடம் சொல்லியிருக்கிறார். அன்று அவர் சிரிக்கவில்லை.

கொட்டாவியின் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. வீடியோவில் அவருக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் பெயர் பெரிய எழுத்தில். பேசலாம் என்றுதான் போனேன். மூன்றாவது மாடி. அன்று அவர்கள் வீட்டுக்குப் புது சோபா வந்திருந்தது. இரண்டு பேர் படியில் அதைத் திருப்ப முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு மூலையைப் பிடித்தேன். சோபாக்காரர்கள் என்னை வீட்டு ஆள் என்று நினைத்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் சோபாக்காரன் என்று நினைத்தார்கள். சோபாவை ஹாலில் போட்டுவிட்டு அவர்கள் போனார்கள். நான் உள்ளே போய் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்றேன். பேசுவதைவிட அது சரியாக இருக்கும் என்று அப்போதுதான் தோன்றியது.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டாவிக்கும் அவர் மனைவிக்கும் புதிதாகக் குழந்தை பிறந்திருந்தது. உதவிக்கு என்று ஒரு அறையில் அவருடைய அம்மா, இன்னொரு அறையில் அவருடைய மாமனார். சம்பந்திகள் இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. குழந்தையின் மூக்கு யார் பக்கத்து மூக்கு என்பதில் ஏதோ மனஸ்தாபம். எது சொல்வதென்றாலும் சுவரைப் பார்த்து ஜாடையாகச் சொல்வார்கள். குழந்தையைப் பார்க்க இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் தினமும் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். குழந்தை ராத்திரி முழுக்க அழும். அந்த மனுஷர் கொட்டாவி விட்டதெல்லாம் அதனால்தானோ என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவருடைய அம்மா என்னைப் பார்த்ததும் சம்பந்தி பக்கத்து ஆள் என்று நினைத்தார். மாமனார் என்னைச் சம்பந்தியம்மா பக்கத்து ஆள் என்று நினைத்தார். யார் என்று கேட்டால், எங்கள் ஆட்கள் என்றால் உங்களுக்கு இளக்காரமா என்று ஒரு சண்டை வரும். அதனால் கேட்கவில்லை. "உக்காருங்களேன்" என்பார்கள். பரவாயில்லை என்பேன். "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்பார்கள். சௌக்கியம் என்பேன். என் வீட்டில் எல்லாரும் சௌக்கியம்தான். நான் அந்த வீட்டில் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை சார், அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். கொட்டாவியின் மனைவி எனக்குத் தினமும் டீ கொடுத்தது. டீ வந்துவிட்டால் நினைப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போய்விடும். அதனால் அடுத்த டீயை நினைத்துக்கொள்வேன்.

முதல் நாள் மத்தியானம் அவர் தண்ணீர் குடிக்க வந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். பாட்டிலை எடுத்தார், மூடினார். கதவுக்குப் பின்னால் நான். "வாங்க" என்றார், வீட்டுக்கு வந்தவர்களைச் சொல்கிற பழக்கத்தில். சொல்லிவிட்டு ஹாலை நோக்கி நடந்தார். வாசற்படியில் அவர் முதுகு நின்றுவிட்டது. திரும்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டு, திரும்பாமலே போனார். அந்த முதுகைப் பார்த்தபோதுதான் இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாதது இன்னும் எவ்வளவோ இருக்கிறது என்று புரிந்தது.

பக்கத்து அறையில் அவர் அம்மாவிடம் பேசுவது கேட்டது.

"யாரும்மா கிச்சன்ல?"

"மெதுவாப் பேசு. அவங்க பக்கத்து ஆளு. கேட்டா வம்பு."

அப்புறம் மனைவியிடம் கேட்டார். "உங்க சொந்தக்காரர என்கிட்ட யாருன்னு கேக்கறீங்களா? நல்லா இருக்கு. குழந்தையையும் பாத்துக்கிட்டு வர்றவங்களுக்கெல்லாம் டீயும் போட்டுக் குடுத்து, கடைசில இது வேறயா" என்றது அந்தப் பெண்.

"இல்லம்மா, அது அந்தப் படத்துல வர்ற ஆளு. ஃப்ரிட்ஜ் பக்கத்துல நிப்பாரே, அந்த ஆளு."

"படம் பாத்துப் பாத்து உங்களுக்கு எல்லாரும் அப்படித்தான் தெரிவாங்க. போய்ப் படுங்க."

அந்த வீட்டில் படத்தைப் பார்த்தவர் அவர் ஒருத்தர்தான்.

நான் நேரம் தவறாமல் போனேன். காலையில் வேலைக்குப் போவது மாதிரி கிளம்புவேன், பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்துவிடுவேன். என் மனைவி ஷூட்டிங் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை லீவு. நான் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அவர் ரொம்ப மோசமாக இருந்ததாகப் பிற்பாடு பேச்சில் தெரிந்தது. அன்றைக்கெல்லாம் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் இருக்கிற காலி இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாராம். இதை எந்த டைரக்டரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. ஒரு தடவை அவர் ஃப்ரிட்ஜையே இழுத்துக்கொண்டு போய் ஹாலில் வைத்துவிட்டார். ஃப்ரிட்ஜோடு போவதா, இடத்தோடு நிற்பதா என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. இடத்தோடு நின்றேன். அதுதான் சரி. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, சாயங்காலமே ஃப்ரிட்ஜைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

ஒருநாள் எல்லாரையும் சமையலறைக்குக் கூப்பிட்டார். அதை நான் முழுசாகச் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்கிற கேள்விக்குப் பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது.

"அம்மா, இவரு நம்ம ஆளா?"

அவர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சுவரிடம் சொன்னார். "இந்த மாதிரி ஆளுங்க எல்லாம் நம்ம பக்கத்துல கிடையாதுப்பா."

மாமனாருக்குச் சுருக்கென்றது. "இந்த மாதிரின்னா என்ன மாதிரி? வந்த நாளா அதிர்ந்து ஒரு வார்த்தை பேசியிருப்பாரா? எங்க பக்கம்தான். எங்க பெரியப்பா வழி."

"மாமா, இவர நீங்க முன்னாடி பாத்திருக்கீங்களா? சத்தியமாச் சொல்லுங்க."

"பாத்தாத்தான் சொந்தமா? பாரு, பெரிய மனுஷனை நிக்க வெச்சுக்கிட்டு விசாரணை. சிலபேர் வளர்ப்பு அப்படி."

அதை அந்த அம்மா விடுவாரா. என் பக்கத்தில் வந்து முகத்தை உற்றுப் பார்த்தார். "யோசிச்சுப் பாத்தா எங்க சின்னத் தம்பி ஜாடை அப்படியே இருக்கு. அந்த மூக்கு எங்க மூக்கு. யாரும் வந்து சொந்தம் கொண்டாட வேணாம்னு சொல்லு."

"மூக்கப் பத்திப் பேசறதா இருந்தா நான் நிறையப் பேசுவேன்னு சொல்லு."

"அய்யோ, இவரு யாருன்னே யாருக்கும் தெரியல, உங்களுக்குப் புரியலையா?" என்றார் கொட்டாவி. என்னிடம் வந்து, "யாருய்யா நீங்க?" என்றார்.

இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் அவரைத் திட்டியது. அந்தச் சம்பந்திகள் ஒன்றாகச் சேர்ந்து செய்த முதல் காரியம் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் மனைவி, "மன்னிச்சுக்குங்க மாமா, அவரு சரியாத் தூங்கறதில்ல" என்று எனக்கு இன்னொரு டீ கொடுத்தது.

அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். பேய்ப்படத்தில் உண்மையான பயம் எது என்று அன்றுதான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. மூலையில் நிற்கிற ஆள் பயம் இல்லை சார். மூலையில் ஒருத்தர் நிற்கிறார் என்று நீங்கள் சொல்லும்போது, ஆமாம், அதற்கென்ன என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்களே, அதுதான். அதை எட்டு கை வைத்தாலும் கம்ப்யூட்டரில் செய்ய முடியாது.

அன்றோடு வந்திருக்கலாமே என்பீர்கள். வந்திருக்கலாம். ஆனால் அவர் வாயால் சொல்லவில்லையே. வீடியோ போடுவதையே நிறுத்திவிட்டார். ஒரே ஒரு வீடியோ, ஒரே ஒரு வார்த்தை, பயந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அடுத்த நாள் அந்தத் தெருப் பக்கமே போயிருக்கமாட்டேன். அது அவர் கையில்தான் இருந்தது.

அப்புறம் கேமரா வைக்கப் போகிறேன் என்று ஆரம்பித்தார். நான் வருவதையும் போவதையும் படம் பிடித்து, அந்தப் படத்தில் இருக்கிற ஆள்தான் என்று எல்லாருக்கும் காட்ட வேண்டுமாம். "குழந்தைக்குப் பால் குடுக்கற வீட்டுல கேமராவா?" என்று மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க ஆளுங்கள வேவு பாக்கவா?" என்றார் மாமனார். "எங்க ஆளுன்னு சொல்லு" என்றார் அம்மா.

அதனால் அவர் வெளியிலிருந்து வைக்க முடிவு செய்தார்.

அன்று குழந்தைக்குத் தடுப்பூசி. கிளினிக்குக்கு எல்லாரும் போனார்கள். சம்பந்திகள் இரண்டு பேரும் "நான்தான் குழந்தையைப் பிடித்துக்கொள்வேன்" என்று ஏறிக்கொண்டதில் காரில் கொட்டாவிக்கு இடம் இல்லை. போகும்போது அவர் அம்மா, "நீ தனியா இல்ல, கிச்சன்ல மாமா இருக்காரு. ஏதாச்சும் வேணும்னா கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மா நல்ல மாதிரி. இப்போது எப்படி இருக்கிறார்.

சமையலறை ஜன்னலுக்கு வெளியே, கீழ்வீட்டு ஜன்னலுக்கு மழை விழாமல் இருக்க நீட்டிவிட்ட சிமெண்ட் பலகை ஒன்று இருக்கிறது. பால்கனிச் சுவரைத் தாண்டி அதில் இறங்கி, ஜன்னலுக்குப் பக்கத்துக் குழாயில் போனைக் கட்டி, கம்பி வழியாக உள்ளே பார்க்கிற மாதிரி வைத்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கட்டி முடித்து, ஓட ஆரம்பித்துவிட்டதா என்று குனிந்து பார்த்தார். கால் வழுக்கியது. பலகையில் பாசி இருந்திருக்கும். இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கினார்.

அந்தப் பக்கம் அவர் முகம், இந்தப் பக்கம் நான், நடுவில் பாத்திரம் கழுவுகிற தொட்டி. எனக்கு இரண்டு எட்டுத்தான். கம்பி வழியாகக் கையை விட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்திருக்க முடியும். பிடித்துக்கொண்டு ஒரு குரல் கொடுத்தால் கீழ்வீட்டில் ஆள் இருந்தார்கள். இதெல்லாம் அப்போதே எனக்குத் தெரியும். பதற்றத்தில் தோன்றவில்லை என்று சொல்லமாட்டேன். எனக்குப் பதற்றம் இல்லை.

அவர் என்னைப் பார்த்தார். "மாமா" என்றார். "மாமா, கையப் புடிங்க."

சார், நேர்மையாகச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. அந்த வீட்டில் எல்லாரும் என்னை ஏதாவது ஒரு உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் ஒருத்தர்தான் கூப்பிட்டதில்லை. அவர் ஒருத்தருக்குத்தான் நான் யார் என்று தெரியும். இப்போது அவரும் கூப்பிட்டுவிட்டார். அந்தக் குரலில் பயமே இல்லை. வீட்டில் பெரியவர் ஒருத்தர் இருக்கிறார், பிடித்துக்கொள்வார் என்கிற குரல். இத்தனை நாள் நின்றதெல்லாம் ஒரு வார்த்தையில் போய்விட்டது. கை நீட்டினால் நான் மாமாதான், அப்புறம் அதை மாற்றவே முடியாது. சாயங்காலம் எல்லாருக்கும் சொல்வார், மாமா மட்டும் இல்லாவிட்டால் என்று. வீடியோவிலும் சொல்வார். தியேட்டரில் மறுபடியும் சிரிப்பார்கள்.

அதனால் நான் என் வேலையைச் செய்தேன். நின்றேன். டீயை நினைத்தேன்.

முதலில் அவருக்குப் புரியவில்லை. "மாமா" என்று இன்னொரு தடவை கூப்பிட்டார், கொஞ்சம் சத்தமாக, காது கேட்காதவரைக் கூப்பிடுவது மாதிரி. அதற்கப்புறம் கூப்பிடவில்லை. என் முகத்தையே பார்த்தார். அப்போது வந்தது சார். மெதுவாக, கண்ணிலிருந்து ஆரம்பித்து. "எனக்குப் பயமா இருக்கு" என்றார். என்னிடம் சொன்னார், வேறு யாரும் அங்கே இல்லை. போனிலும் ஓரத்தில் அவர் முகத்தோடு தெளிவாகப் பதிவாகியிருக்கிறது, நீங்களும் கேட்டீர்கள்.

அப்புறம் ஜன்னலில் கம்பி மட்டும் இருந்தது.

அந்தப் பக்கம் கட்டடத்தின் பின்பக்கம். ஆட்கள் சத்தம் கேட்டது. போகலாம் என்று யாரும் சொல்லாததால் நான் அங்கேயே நின்றேன். கிளினிக்குக்குப் போனவர்கள் முன்வாசல் வழியாக வந்ததால் ஒன்றும் தெரியாமலே மேலே ஏறி வந்தார்கள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. "அவன் எங்க தம்பி, காணோம்?" என்று என்னிடம் கேட்டார் அவர் அம்மா. பின்பக்கம் போயிருக்கிறார் என்றேன்.

அந்த வீடியோவை டைரக்டருக்குக் காட்டுவீர்களா என்று தெரியவில்லை. சட்டப்படி கூடாது என்றால் வேண்டாம். ஆனால் வெளிச்சம் நன்றாக விழுந்திருக்கிறது, பக்கவாட்டில் வெயில். என்னை யாரும் அவ்வளவு நன்றாக எடுத்ததில்லை.

இன்னும் ஒன்றே ஒன்று. நேற்று அதைப் பார்த்துவிட்டு உங்கள் ஏட்டையா, "மூணாவது மாடியில தொங்கினா எவனுக்குத்தான் பயம் வராது" என்றார். அவர் படம் பார்க்கிறவர் இல்லை போலிருக்கிறது. நான் கொன்றேன் என்று எழுதுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை, எந்த இடத்தில் சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். அவர் உயரத்தைப் பார்த்துப் பயந்தார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள் சார். அவர் ஒரு முறைகூடக் கீழே பார்க்கவில்லை.